வி.வி. என்ற இரண்டு எழுத்து

லத்தீன் அம்மாவுக்குப் பேய் பயமெல்லாம் கிடையாது. இருபத்தாறு வருஷமாகச் செத்ததுகளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அந்தப் பயம் இருந்தால் பிழைப்பு ஓடுமா? அவள் காப்பாளராக இருந்த உலர்தாவரக் கூடத்தில் இரண்டு லட்சத்துச் சொச்சம் தாள்கள் இருந்தன. ஒவ்வொரு தாளிலும் நசுக்கிக் காயவைத்து ஒட்டிய ஒரு செடி. வலது பக்கம் கீழ்மூலையில் ஒரு சீட்டு: செடியின் லத்தீன் பெயர், எடுத்த இடம், எடுத்தவர், தேதி. அந்தச் சீட்டுகளை எழுதுவதும் பிழை இருந்தால் திருத்துவதும் அவள் வேலை. 'லத்தீன் அம்மா' என்பது அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அவளுக்கு முதுகிலும் காது உண்டு.

"செத்த மொழியைக் கட்டிக்கிட்டு ஏன் மேடம் அழறீங்க?" என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். செத்ததால்தான் அது வேலைக்கு ஆகிறது என்பது அவள் கட்சி. "நம்ம நாற்றத்தையே எடுத்துக்குங்க. ஒரு காலத்துல நாற்றம்னா வாசனை. இப்ப ஒருத்தர் வீட்டுல போய், உங்க பூ நல்லா நாறுதுன்னு சொல்லிப் பாருங்க, செருப்பு பறக்கும். உயிருள்ள மொழியில சொல் ஒரு இடத்துல உட்காராது. லத்தீன்ல உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான். எழுந்து போக அதுக்குக் கால் கிடையாது."

பிறகு விடமாட்டாள். 'ரேப்பென்ஸ்' என்றால் தரையோடு படர்வது. 'வல்காரிஸ்' என்றால் கெட்ட வார்த்தை இல்லை, எங்கும் கிடைப்பது. 'ஃபூகாக்ஸ்' என்றால் பூத்த சூட்டிலேயே உதிர்வது. 'டூபியா' என்றால் சந்தேகத்துக்கு உரியது. வைத்தவருக்கே நிச்சயமில்லை என்பதைப் பெயரிலேயே ஒப்புக்கொண்டது. அந்தக் கடைசிச் சொல் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். "இந்த நேர்மை மனுஷங்ககிட்ட ஏது?" என்பாள். அப்படிச் சொல்லித் திரிந்த காலத்தில் அவள் யாரிடமும் பெரிய பொய் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

முதல் வி.வி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கண்ணில் பட்டது. தொண்ணூறு வருஷத்துப் பழைய புல் ஒன்று. சீட்டின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு ரோமன் எழுத்து, இரண்டுக்கும் வலது கால் கொஞ்சம் நீளம். நேற்று இந்தத் தாளை அவள் எடுத்துப் பார்த்திருக்கிறாள். நேற்று அது அங்கே இல்லை.

சீட்டு எழுதுகிறவர்களுக்குள் இருக்கும் பழைய சுருக்கம் அது. வி.எஸ். என்றால் 'வீடி சிக்கம்', காய்ந்ததைப் பார்த்தேன். வி.வி. என்றால் 'வீடி வீவம்', உயிரோடு பார்த்தேன். காய்ந்த செடியை மட்டும் பார்த்தவர் பேச்சுக்கும், அது நின்று காற்றில் ஆடியதைப் பார்த்தவர் பேச்சுக்கும் வித்தியாசம் உண்டல்லவா? அதற்காக வைத்தது. இப்போதெல்லாம் யாரும் எழுதுவதில்லை. அவளுக்குத் தெரிந்து ஒரே ஒருவன்தான் ஒவ்வொரு சீட்டிலும் விடாமல் எழுதினான். அவள் தம்பி.

அவன் அதே கூடத்துக்குச் செடி சேகரிக்கிறவன். பாறை கண்டால் ஏறாமல் இருக்கமாட்டான் என்பதால் எல்லோருக்கும் அவன் 'ஆடு'. "நீதானே பிடுங்கிட்டு வர்றே? உயிரோட பார்க்காமயா பிடுங்குவே? இதை வேற எழுதணுமா?" என்று அவள் கேலி செய்வாள். "இருக்கட்டும் அக்கா. அதுக்கு நான்தானே சாட்சி" என்பான். அவன் பாறையிலிருந்து விழுந்து செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அவள் ரப்பரை எடுத்து அழித்தாள். வேறு என்ன செய்வது? மறுநாள் இன்னொரு வரிசையில், இன்னொரு அலமாரியில், ஒரு பாசிச் சீட்டில் வி.வி. அதையும் அழித்தாள். வியாழக்கிழமை இரண்டு. ஊரில் பேய்கள் எல்லாம் நடுராத்திரியில் வரும் என்பார்கள். இது பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிற பேய். சாப்பாட்டு இடைவேளைக்குப் போய்விட்டு வந்தால் புதிதாக ஒன்று இருக்கும். அந்துருண்டை வாசனையில் ஊறிப்போன அந்த வரிசைகளுக்கு நடுவில் சில சமயம் ஈரப் பாறை வாசனை குப்பென்று வந்து போகும். ஜன்னல்கள் எல்லாம் ஈயக்காகிதம் ஒட்டி அடைத்தவை.

செடிகளைத் தாளில் ஒட்டும் பசைக்காரரிடம் ஒரு சீட்டைக் காட்டினாள். அவர் கூடத்தில் அவளைவிட மூத்தவர், வாய்த்துடுக்குக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது உங்க எழுத்துதானேம்மா?"

"நான் எழுதலை."

"அப்ப ஆடு எழுத்து. ரெண்டு பேரும் எழுதினா எது யாருதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. ஒரே அச்சு." சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. சீட்டை மேஜையில் வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "பழசா இருக்கும்மா. நாம கவனிச்சிருக்க மாட்டோம்."

"நேத்து இல்லை."

"அப்படின்னா நான் இதைத் தொடலை" என்றார் பசைக்காரர். அன்றிலிருந்து அந்த வரிசைப் பக்கம் அவர் தனியாகப் போகவில்லை.

அந்த வார முடிவில் வந்தது வேறு மாதிரி. அறுபது வருஷத்துக்கு முன்பே உலகத்திலிருந்து அற்றுப்போன ஒரு செடி. கடைசியாக இருந்ததே அந்தத் தாளில் இருப்பதுதான். தம்பி பிறப்பதற்கு முன்னாலேயே அந்த இனம் முடிந்துவிட்டது. அதன் சீட்டில் வி.வி. உயிரோடு பார்த்தேன். எங்கே பார்த்தாய், எங்கே இருக்கிறாய் நீ என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவள் நெஞ்சில் இருந்தது இதுதான்.

தம்பி படிப்பில் சுமார். செடிகளை அவன் காலால் படித்தவன். அவள் எழுதிக் கொடுத்த லத்தீன் நிறச் சொற்களின் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்திருப்பான். நமக்கு மஞ்சள் என்றால் மஞ்சள், மிஞ்சிப்போனால் எலுமிச்சை மஞ்சள். லத்தீனில் மஞ்சளுக்கு ஏழெட்டுச் சொல் உண்டு. அதில் இரண்டு அவனுக்கு எப்போதும் குழம்பும்: 'ஃப்ளாவுஸ்', 'ஃபுல்வுஸ்'. முன்னது பளிச்சென்ற வெளிர் மஞ்சள். பின்னது சிங்கத்தின் முதுகுபோலப் பழுப்பேறிய மஞ்சள். சேர்ந்த புதிதில் நாற்பது சீட்டில் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டான். நாற்பதையும் அவள்தான் திருத்தினாள். அதிலிருந்து கூடத்தில் யார் எதை மாற்றிச் சொன்னாலும் 'ஆடு மஞ்சள்' என்று ஒரு கேலி.

போன வருஷம் அவன் ஒரு சின்னச் செடியைக் கொண்டுவந்தான். பாறை இடுக்கில் விரல் உயரத்துக்கு முளைத்தது, ஒரே ஒரு பூ. புதிய இனம் என்று பார்த்த உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. குறிப்பேட்டில் 'ஃப்ளாவுஸ், வி.வி.' என்று எழுதியிருந்தான். தாளுக்கு நடுவில் காய்ந்து கிடந்த பூ பழுப்பாக இருந்தது. அலுவலகக் கேமராவில் கருப்பு வெள்ளைப் படம்தான். அது எந்த மஞ்சளுக்கும் சாட்சி சொல்லாது.

"மறுபடியும் மாத்திட்டியா? பார், பழுப்பு" என்றாள்.

"காயும்போது மாறிடுச்சு அக்கா. நான் பார்த்தப்ப பளிச்னு இருந்தது."

"நீ பார்த்ததை வச்சு நான் அச்சடிக்க முடியுமா? உன் கண்ணுக்குத்தான் ரெண்டும் ஒண்ணாச்சே."

பசைக்காரர் சிரித்தார். கடைநிலை ஊழியர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் காது மடல் சிவந்துவிட்டது. "சரி. அப்ப நீயே வந்து பார்" என்றான்.

போனார்கள். அவள், அவன், ஜீப் டிரைவர். முந்தைய நாள் மழை பெய்திருந்தது. பாறையில் ஈரம் மினுங்கியது. இன்றைக்கு வேண்டாமடா என்று சொல்ல நினைத்தாள். வந்தது வந்தாகிவிட்டது, நாளைக்கு மறுபடி யார் வருவது என்று சும்மா இருந்துவிட்டாள். கீழே உட்கார்ந்து செடி அழுத்தும் கட்டையில் தாள் மாற்றிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து "அக்கா, இருக்கு!" என்று குரல் வந்தது. அப்புறம் கல் உருளும் சத்தம்.

டிரைவர் அவன் விழுந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தார். "போயிட்டாரும்மா" என்று தலையில் அடித்துக்கொண்டு, ஆட்களைக் கூட்டிவரப் பாதையில் ஓடினார். பக்கத்துக் குடியிருப்பு இரண்டு மைல். அவள் மட்டும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவன் கண் திறந்தான்.

வலது கையை மூடியிருந்தான். மெல்ல விரித்தான். உள்ளங்கையில் பூ. பளிச்சென்ற வெளிர் மஞ்சள், கழுவித் துடைத்து வைத்ததுபோல. "ஃப்ளாவுஸ்தானே அக்கா?" என்றான். பிறகு, "பார்த்தியா?" என்றான்.

அவள், "பேசாதேடா. அசையாதே" என்றாள்.

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தடவையும் கேட்டான், "பார்த்தியா?" அவள் திரும்பி, பாதையில் ஆட்கள் வருகிறார்களா என்று பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் பதிலுக்குக் காத்திருப்பது நின்றுபோனது.

ஆட்கள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விழுந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது என்று டிரைவர் எல்லோரிடமும் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தலையை ஆட்டினாலும் பொய் பொய்தான். பைக்குள் போட்டுக்கொண்டு வந்த பூ, மறுநாள் காலையில் பழுப்பாகியிருந்தது. அந்தப் பாறையில் அப்புறம் யாரையும் ஏறவிடவில்லை. பூவின் உண்மையான நிறத்தை இனி உலகத்தில் அவள் கண் ஒன்றுதான் சொல்லவேண்டும்.

தம்பி மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைதோறும் லத்தீன் அம்மா அங்கே போவாள். காபி குடிப்பார்கள், எதையாவது பேசுவார்கள். இவள் கிளம்பும்போது தம்பி மனைவி வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்பாள்: "கடைசியா ஏதாவது சொன்னாரா அண்ணி?"

"இல்லம்மா. நான் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"ஒரு வார்த்தை?"

"இல்லம்மா."

வாரம் தவறாமல் கேட்டாள், வாரம் தவறாமல் இவள் இல்லை என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரியாமல் இல்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அது தனியாக வருமா? ஏன் அப்படிக் கேட்டார் என்பாள். மழை நாளில் ஏன் ஏறினார் என்பாள். நாலு பேர் சிரிக்க நான் கேலி செய்தேன், நான் நம்பவில்லை, அதற்காகத்தான் ஏறினான் என்று சொல்லவேண்டி வரும். கட்டினவளுக்குச் சேரவேண்டிய கடைசி வார்த்தையை இவள் ஒரு வருஷமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் இயக்குநர் அவளை அழைத்தார். "அந்தப் பாறைச் செடிக் கட்டுரை என்னாச்சும்மா? இன்னொரு நிறுவனத்துக்காரங்க அதே செடியோட பழைய காய்ஞ்ச தாள் ஒண்ணை வச்சு எழுதிட்டிருக்காங்களாம். முந்தினவங்களுக்குத்தான் பெயர். திங்கட்கிழமை தபால்ல போயாகணும். பெயர்ல வைக்கிற நிறம் மட்டும்தானே பாக்கி?"

"அதான் சார் யோசனை."

"யோசிக்க என்ன இருக்கு? தாள்ல என்ன இருக்கோ அதை எழுதுங்க. யாரும் கேள்வி கேட்க முடியாது."

அதுதான் பயங்கரம். யாரும் கேள்வி கேட்க முடியாது. ஒரு பெயர் அச்சேறிவிட்டால், அர்த்தம் தப்பு என்பதற்காக அதை யாரும் மாற்ற முடியாது என்பது இந்தத் தொழிலின் சட்டம். வெள்ளைப் பூவுக்குக் கறுப்பு என்று பெயர் வைத்துவிட்டாலும் உலகம் உள்ளவரை அது கறுப்புதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகி, 'ஃபுல்வுஸ்' என்று அடித்தாள். பழுப்பு. கீழே தன் பெயரை அடித்தாள். தாளை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இழுப்பறையைத் திறந்தாள். 'ஃபுல்வுஸ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், பென்சிலில், வலது கால் நீண்ட இரண்டு எழுத்து.

அவள் ரப்பரைத் தேடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். இத்தனை நாளும் தம்பிதான் வந்து, 'நான் உயிரோடு பார்த்தேன், என்னை நம்பு' என்று அடம்பிடிக்கிறான் என நினைத்திருந்தாள். ஆனால் 'வீடி' என்றால் 'பார்த்தேன்'. யார் பார்த்தது? யார் பெயர் கீழே இருக்கிறதோ அவர். இந்தத் தாளில் கீழே இருப்பது அவள் பெயர். தான் பார்த்ததை அவன் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அவள் பார்த்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அதோடும் நிற்கவில்லை. லத்தீனில் சொல்லின் வால்தான் எல்லாம். 'வீவம்' என்று முடிந்தால் உயிருள்ள செடி. 'வீவும்' என்று முடிந்தால் உயிருள்ள ஆண். வி.வி. என்று சுருக்கினால் வால் தெரியாது. செடியை உயிரோடு பார்த்தேன் என்றும் படிக்கலாம். அவனை உயிரோடு பார்த்தேன் என்றும் படிக்கலாம். இருபத்தாறு வருஷம் லத்தீன் படித்தவளுக்கு இது இத்தனை நாளாக மண்டையில் ஏறவில்லை பாருங்கள்! ஏறக் கூடாது என்று அவளே அடைத்து வைத்திருந்தாள். ஈரப் பாறை வாசனை அறை முழுக்க நின்றது. "சரிடா, சொல்றேன்" என்று அந்த அறைக்குள் சத்தமாகவே சொன்னாள். அலமாரிக்கு அந்தப் பக்கம் பசைக்காரர் கையிலிருந்த பசைக் கிண்ணம் கீழே விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது தம்பி மனைவி பள்ளிக்கூடச் சீருடை ஒன்றுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். காபி போட எழுந்தவளை லத்தீன் அம்மா உட்காரச் சொன்னாள். தான் உட்காரவில்லை.

"வாசல்ல நீ ஒண்ணு கேப்பியே, அதை இப்பவே கேளும்மா."

தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். ஊசி விரலிலேயே இருந்தது. "கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"சொன்னான்."

ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கேலி செய்ததை, சிரித்தவர்களை, ஈரப் பாறையை, டிரைவர் ஓடிய பிறகு அவன் கண் திறந்ததை. 'ஃப்ளாவுஸ்தானே அக்கா' என்றதை அவன் சொன்ன மாதிரியே சொன்னாள். ஃப்ளாவுஸ் என்றால் என்ன என்றும் சொன்னாள். சொல்லி முடிக்கிறவரை தம்பி மனைவி அழவில்லை.

"எவ்வளவு நேரம் உயிரோட இருந்தார்?"

"கால் மணி நேரம் இருக்கும்."

"பார்த்தியான்னு கேட்டாரே. நீங்க என்ன சொன்னீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. வழியெல்லாம் எத்தனையோ கேள்விக்குப் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள், இதற்கு இல்லை. "பேசாதேடான்னு சொன்னேன்" என்றாள்.

"பார்த்தேன்னு சொல்லலையா?"

"சொல்லலை."

"ரெண்டு தடவை கேட்டாரே அண்ணி." தம்பி மனைவியின் குரல் இப்போதுதான் உடைந்தது. "ஒரு வார்த்தைதானே? கால் மணி நேரத்துல ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உங்களுக்கு? நான் ஒரு வருஷமா கேக்கறேன், எனக்கும் சொல்லலை. அவருக்கும் சொல்லலை."

லத்தீன் அம்மா தரையில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அது வேண்டாம் என்பதுபோல் தம்பி மனைவி கையைக் காட்டினாள். வெளியே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு அந்தப் பேப்பர்ல என்ன எழுதப் போறீங்க?"

"ஃப்ளாவுஸ். பார்த்தேன்னு என் பெயரைப் போட்டு எழுதறேன். யார் கையில பார்த்தேன்னும் எழுதறேன்."

"எழுதுங்க. அது ஊருக்கு." தம்பி மனைவி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். போகச் சொல்கிறாள் என்று தெரிந்தது. லத்தீன் அம்மா எழுந்து செருப்பை மாட்டினாள். இனி இந்த வீட்டுப் படி ஏற முடியாது என்றுதான் நினைத்தாள்.

"அடுத்த ஞாயிறும் வாங்க" என்றாள் தம்பி மனைவி, முகத்தைப் பார்க்காமல். "அதே கேள்வியைக் கேப்பேன். அவர் சொன்னதை அப்படியே திரும்பச் சொல்லணும். அதுக்கு அடுத்த வாரமும் கேப்பேன்."

"எத்தனை வாரம்மா?"

"ஒரு வருஷம் இல்லைன்னீங்களே அண்ணி. அத்தனை வாரம்."

லத்தீன் அம்மா சரி என்றாள்.